மென்மை என்னும் மயக்கம்

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் கேள்வி கேட்பாரின்றி நிலைபெற்றிருக்கிறது. கை வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில், கடைக்காரரானாலும் சரி, உடன் ஓட்டும் சிநேகிதரானாலும் சரி, உபகரணங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவரானாலும் சரி, ஹாண்டில்பாரில் இருக்கும் கிரிப்பைக் கழற்றிவிட்டு இன்னும் சற்றுத் தடித்ததாகவும், அமுக்கினால் அமுங்குகிற மெத்தென்ற வகையாகவும் பார்த்து ஒன்று மாட்டிக்கொள்ளும்படி யோசனை சொல்கிறார். அதனாலும் வலி தணியாவிட்டால், அதைவிடத் தடித்ததை, அதைவிட மெதுவானதைச் சிபாரிசு செய்கிறார். தடிப்பும் மென்மையுமே சௌகரியம் என்ற இந்த எண்ணம் எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறதோ அவ்வளவு பிழையானது என்பது என் கட்சி. சிறிது மிகைப்பட்டுவிட்ட உண்மை என்று சொல்லி இதனோடு சமரசம் செய்துகொள்ளவும் எனக்கு மனம் இல்லை. ஏனெனில், மலைப் பாதையில் இறங்கும்போது கைக்கு நேரும் சிரமங்களில் பெரும் பகுதியைத் தீர்க்காமல் விடுவதோடு, ஒரு பகுதியை இந்த யோசனை தானே உண்டாக்கவும் செய்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவது நியாயம். ஒரு காலத்தில் அதற்கு ஆதாரம் இருந்தது. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ரீபாக் என்று பெயர் பெற்ற மலைச்சரிவில், 1976-ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயங்களில் ஜோ பிரீஸும் கேரி ஃபிஷரும் அவர்களுடைய தோழர்களும் ஓட்டி இறங்கிய கனத்த பழைய சைக்கிள்களில், கல்லும் குழியும் தருகிற அதிர்ச்சியை ஏற்பதற்கு டயரில் அடைத்த காற்றைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. 1989-இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தோன்றி, அமிழ்ந்து எழும் முன் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும், அது அமிழ்ந்த ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்நாளைய ஹாண்டில்பார் 600 மில்லிமீட்டர் அகலத்தைக்கூட எட்டாது. அதைத் தாங்கிய ஸ்டெம்மோ 100 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நீண்டு, ஓட்டுகிறவரின் மார்பையும் தோளையும் முன்னே இழுத்து, சரீர பாரத்தில் கணிசமான பங்கை உள்ளங்கையின்மேல் சுமத்திவிடும். அத்தகைய வண்டியில், நுரை ரப்பரில் செய்த பருத்த கிரிப் கொஞ்சமாவது ஆறுதல் தந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. இன்று அந்த வண்டி எங்கே? ஃபோர்க் 120 முதல் 170 மில்லிமீட்டர் வரை அமிழ்கிறது. பார் 760, 780 என்று விரிந்துவிட்டது. ஸ்டெம் 35 முதல் 50 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. ட்யூப் இல்லாத அகன்ற டயர், குறைந்த காற்றழுத்தத்தில் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கிறது. காரணம் அகன்று பல ஆண்டுகள் ஆன பின்னும், அதிலிருந்து பிறந்த முடிவு மட்டும் அகலாமல் நிற்கிறது.

அது நிற்பதற்கு இன்னொரு காரணம், நாம் கிரிப் வாங்குகிற முறை. கடையில் தொங்குகிற கிரிப்பைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் இரண்டு மூன்று முறை அமுக்கிப் பார்த்து, எது அதிகம் அமுங்குகிறதோ அதுவே இதமானது என்று தீர்மானிக்கிறோம். ஆனால் கட்டைவிரல் நுனியின் ஸ்பரிசம் வேறு, ஒரு மணி நேரம் ஓயாமல் அதிர்கிற குழாயை விரல்கள் மடக்கிப் பிடித்திருக்கிற நிலை வேறு. முதலாவதில் தசைக்கு வேலை இல்லை. இரண்டாவதில் தசையின் வேலையே முழு விஷயமும். கிரிப்பின் சௌகரியம் என்பது தோலுக்குக் கிடைக்கும் சுகத்தில் இல்லை; கையை எவ்வளவு தளர்வாக வைத்துக்கொண்டே வண்டியை நம் வசத்தில் வைத்திருக்க முடிகிறது என்பதில் இருக்கிறது. இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால், தடிப்பைப் பற்றியும் மென்மையைப் பற்றியும் வழங்கிவரும் உபதேசம் தானே சரிந்துவிடும்.

தடிப்பை எடுத்துக்கொள்வோம். ஹாண்டில்பாரில் கிரிப் ஏறும் பகுதியின் வெளிவிட்டம் உலகெங்கும் 22.2 மில்லிமீட்டர்தான், அதன்மேல் ஏறுகிற கிரிப்தான் 28 என்றும் 30 என்றும் 32 என்றும் 34 என்றும் வேறுபடுகிறது. நான்கு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள், விரல் அளப்பது விட்டத்தை அல்ல, சுற்றளவை என்பதைக் கவனிக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் கிரிப்பின் சுற்றளவு ஏறத்தாழ 94 மில்லிமீட்டர். 34 மில்லிமீட்டர் கிரிப்பின் சுற்றளவு ஏறத்தாழ 107. ஆக, விரல் சுற்றிவர வேண்டிய வழி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது. இந்தக் கூடுதல் தூரம் நெடுவிரலுக்குப் பெரிதாகப் படாமல் இருக்கலாம். எல்லாவற்றிலும் குட்டையான சுண்டுவிரலுக்கு அது பெரும் நஷ்டம். அதிலும், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வந்த பின்பு, இறக்கத்தில் ஆள்காட்டி விரல் பிரேக் லீவரின் மீதே குடியிருக்கிறது; பிடித்திருக்கிற வேலை முழுவதும் கட்டைவிரலையும் எஞ்சிய மூன்று விரல்களையும் சேர்ந்தது. அம்மூன்றில் ஒன்றாகிய சுண்டுவிரல் பாதி வழியிலேயே நின்றுவிடுமானால், மற்ற இரண்டும் அதன் பங்கையும் சேர்த்து இறுக்க வேண்டியதாகிறது. விரல்களை மடக்கும் தசைகளோ முழங்கைக்குக் கீழே முன்கையில் இருப்பவை. இறுக்கம் ஓயாதபோது அவை இரத்தம் தேங்கிப் பருத்து, கல் போலாகி, கடைசியில் விரல் பிரேக்கை இழுக்கக்கூட மறுக்கின்றன. தடித்த கிரிப்பை வாங்கியவர் இந்த வேதனைக்கு மருந்தாக இன்னும் தடித்ததைத் தேடிப் போவதைக் காணும்போது, யோசனை சொன்னவர்மேல் எனக்கு உண்மையான கோபம் வருகிறது.

மெலிந்தது எதுவானாலும் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. அளவுக்கு மீறி மெலிந்த கிரிப்பில் விரல் நுனிகள் உள்ளங்கையையே குத்தும். பெரிய கையுடையவர் அதைப் பிடித்திருப்பதற்கே மூடிய முஷ்டியாக இறுக்க வேண்டிவரும். ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி, தடித்ததா மெலிந்ததா என்பதல்ல, இந்தக் கைக்கு எது என்பதே. ஆள்காட்டி விரலை லீவரின்மேல் வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் கிரிப்பை இயல்பாகச் சுற்றிப் பிடித்தால், நெடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டைத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்க வேண்டும். அதில் அழுந்திக் குத்தினால் கிரிப் மெலிவு, இடையே பெரிய வெளி தெரிந்தால் தடிப்பு. இந்தச் சோதனையைக் கையுறை அணிந்தே செய்ய வேண்டும். உள்ளங்கையில் ஜெல் திணித்த கையுறை, கிரிப்பை வாங்கிய அளவிலிருந்து மேலும் பருக்கச் செய்துவிடுகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி மென்மை. இதைப் பற்றிய வாதம் இன்னும் வலுவாகச் சொல்லப்படுகிறது. மெத்தென்ற பொருள் அதிர்வைக் குடித்துவிடும் என்கிறார்கள். எவ்வளவு தடிப்புள்ள பொருள் என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும். 32 மில்லிமீட்டர் கிரிப்பிலிருந்து பாரின் 22.2 மில்லிமீட்டரைக் கழித்து, மிஞ்சியதை இரண்டாகப் பகுத்தால், சுவரின் கனம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருகாணியால் இறுக்குகிற லாக்-ஆன் வகையாக இருந்தால், அதனுள்ளேயும் ஒன்று இரண்டு மில்லிமீட்டரைக் கெட்டிப் பிளாஸ்டிக் குழல் எடுத்துக்கொள்கிறது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அமிழ்கிற ஃபோர்க்கும், ஆறு சென்டிமீட்டர் உயரமுள்ள டயரும் தாங்கியது போக மேலே வந்து சேருகிற அடியை, இந்த மூன்று நான்கு மில்லிமீட்டர் ரப்பர் தாங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது எப்படி? ஒரு மெத்து தன்னுடைய இயல்பான அதிர்வெண்ணைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் தணிக்க வல்லது என்பது பௌதிக சாஸ்திரத்தின் பால பாடம். மெல்லிய ரப்பர்ப் படலத்தின் அதிர்வெண் மிக உயர்ந்தது. வேரும் பாறையும் தரும் அடிகளோ நிதானமானவை, ஆழமானவை. பொடிச்சரளை மீது ஓடும்போது உண்டாகிற கிறுகிறுப்பை நுரை கொஞ்சம் குறைக்கும், அதுவரை உண்மை. அதற்கு மேல் அது செய்வதெல்லாம், முதல் பலமான அழுத்தத்திலேயே அடிவரை அமுங்கி, கீழே இருக்கிற குழாயின் கடினத்தை உள்ளங்கைக்கு அப்படியே ஒப்படைத்துவிடுவதுதான்.

அமுங்குவதோடும் நின்றுவிடுவதில்லை, அது நெளிகிறது. பாரைத் திருப்பும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், தாவி இறங்கும்போதும், கைக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு நெகிழ்ந்த படலம் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தால், அந்த அசைவை அடக்குவதற்கே கை தன்னை அறியாமல் இறுகுகிறது. ஆற்று மணலில் நடப்பவருக்குப் பாதத்துக்கு மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கெட்டிப்பட்ட வரப்பின்மேல் நடப்பவரைவிட அவருக்கே கெண்டைக்கால் சீக்கிரம் வலிக்கிறது. கெட்டியான, ஆனால் மேற்பரப்பில் நன்றாகப் பற்றுகிற ரப்பரில் அந்த அசைவு இல்லை. கை அதை நம்பித் தளர்ந்திருக்கலாம். பற்றுதல் என்பது பொருளின் பிசுபிசுப்பினாலும், மேலே வெட்டிய வரிகளாலும் கட்டங்களாலும் வருவது, மென்மையால் வருவதன்று. நம் ஊரின் புழுக்கத்தில் வியர்வை வழியும் கைக்கும், மழையில் சேறு படிந்த கைக்கும் இந்த வித்தியாசம் உடனே விளங்கும். வரியும் கட்டமும் இல்லாத வழவழப்பான நுரை, நனைந்ததும் கையைக் கைவிட்டுவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊருக்கு அருகே ஏனாக் மோர் மலையில் இருக்கும் இறக்கப் பந்தயப் பாதையை இங்கே நினைவுகூர வேண்டும். 2002 முதல் உலகக் கோப்பைப் பந்தயங்களும், 2007-இலும் 2023-இலும் உலகச் சாம்பியன் பந்தயங்களும் நடந்த இடம் அது. ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில் 555 மீட்டர் இறக்கம். பாதை நெடுகக் கருங்கல். மிக வேகமாக ஓட்டுகிறவர்கள் ஐந்து நிமிஷத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். கைகளை வதைப்பதில் பேர்போன அந்தப் பாதையில், தடித்த நுரைக் கிரிப்பை நாடுகிறவர் அரிது. கெட்டியான ரப்பரில் செய்த, கைக்கு அளவான, பெரும்பாலும் மெலிந்த கிரிப்பையே அங்கே காண்கிறோம். அவர்கள் பந்தயக்காரர்கள், சௌகரியத்தைத் தியாகம் செய்யக் கூடியவர்கள், அதுவும் ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் என்று ஆட்சேபம் சொல்லப்படலாம். ஆனால் பாதி வழியில் விரல் செயலற்றுப்போனால் பந்தயத்தையும் சில வேளை எலும்பையும் இழக்கக் கூடியவர்களுக்குக் கையின் களைப்பைவிட முக்கியமான கவலை வேறு என்ன இருக்க முடியும்? மிக அதிகமான அடியை மிகக் குறைந்த களைப்போடு தாங்க வேண்டியவர்கள் அனுபவத்தால் கண்ட முடிவை, அதைவிடச் சாதாரணமான அடியைத் தாங்குகிற நாம் தலைகீழாகப் பின்பற்றுவதற்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை.

விரல் மரத்துப்போவது வேறு விஷயம். அதையும் இதையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தவறான வைத்தியம் நடக்கிறது. முன்கைத் தசையின் களைப்பு இறுக்கத்தால் வருவது. மரத்துப்போதல் நரம்பு நசுங்குவதால் வருவது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில், பட்டாணி வடிவான ஒரு சிற்றெலும்புக்கும் கொக்கி போன்ற மற்றோர் எலும்புக்கும் நடுவே, 1861-இல் ஃபெலிக்ஸ் கியோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்த குறுகிய வழி ஒன்று இருக்கிறது. அல்நார் நரம்பு அதன் வழியாகச் சென்று, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சியைத் தருகிறது. உள்ளங்கையின் அந்த ஓரத்தில் பாரம் நீடித்து நின்றால் அவ்விரு விரல்களும் மரக்கின்றன. மணிக்கட்டு நெடுநேரம் மேல்நோக்கி மடிந்திருந்தாலோ, நடுவே செல்லும் மீடியன் நரம்பு நெருக்குண்டு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நெடுவிரல் ஆகியவை மரக்கும். எந்த விரல் மரக்கிறது என்று கேட்காமலே ஒரே கிரிப்பை எல்லாருக்கும் எழுதிக்கொடுப்பது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமலே பிடுங்குவதற்குச் சமம்.

இந்த மரத்துப்போதலுக்கு மருந்தாக, உள்ளங்கையின் ஓரத்தைத் தாங்கும்படி சிறகுபோல் விரிந்த கிரிப்களை ஜெர்மனியின் எர்கான் நிறுவனம் பிரபலப்படுத்திற்று. அதில் மெய்யான அறிவு இருக்கிறது; மென்மையைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டி அழுத்தத்தைப் பகிர்ந்துவிடுகிற அந்த உபாயம், ஆசனத்தில் அமர்ந்தபடியே நெடுந்தூரம் மிதிக்கிறவர்களுக்கு நன்மை செய்வது நிச்சயம். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுகிறவர் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மணிக்கட்டின் கோணத்தைக் கணந்தோறும் மாற்றுகிறார். ஒரே கோணத்தில் பொருத்திய சிறகு அப்போது கைக்குத் தடையாகிறது. அதே நிறுவனம் இறக்கப் பாதைகளுக்கென்று சிறகில்லாத, மெலிந்த கிரிப்களை வேறாகச் செய்து விற்பதே, எல்லாருக்கும் ஏற்ற சௌகரியக் கிரிப் என்ற ஒன்று கிடையாது என்பதற்குப் போதிய அத்தாட்சி.

இவ்வளவும் சொன்ன பிறகும் பிரதானமான காரணத்தை இன்னும் தொடவில்லை. கை வலியில் பெரும் பங்கு கிரிப்பைச் சேர்ந்ததே அல்ல. ஆசனத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், ஓட்டுகிறவர் முன்னே வழுக்கிக்கொண்டிருப்பார். வழுக்காமல் தம்மைத் தாங்க அவர் ஓயாமல் பாரைத் தள்ள வேண்டும். எந்த ரப்பரும் அந்தத் தள்ளுதலை நிறுத்தாது. பிரேக் லீவர் அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தாலோ உயர்ந்திருந்தாலோ மணிக்கட்டு முறிந்த கோணத்தில் நிற்கும். இறங்குகிற நிலையில் எழுந்து நின்று விரலை லீவரில் வைத்தால் முன்கை, மணிக்கட்டு, புறங்கை ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். அதற்கு வேண்டியது ஓர் ஆலன் சாவியும் ஐந்து நிமிஷமும். லீவர் எட்டாமல் விரலை நீட்டிக்கொண்டிருப்பவர்கள், அதன் தூரத்தைக் குறைக்கும் சிறு திருகாணி அதிலேயே இருப்பதை அறியாமல் இருக்கிறார்கள். தோளுக்குப் பொருந்தாத அகலமான பார், சற்றும் பின்வளைவில்லாத பார், கல்லைப்போல் காற்றடைத்த டயர், பாரத்துக்குத் தகத் திருத்தாத ஃபோர்க் ஆகிய ஒவ்வொன்றும் கையில் வந்து முடிகிற குற்றங்கள். எல்லாவற்றிலும் பெரியது, இறக்கத்தில் பாரத்தைப் பெடலில் இறக்காமல் கையில் தொங்கவிட்டுக்கொள்ளும் வழக்கம். வலி கிரிப்பில் உணரப்படுகிறது என்பதனால் காரணமும் கிரிப்பிலேயே இருக்க வேண்டும் என்று கொள்வது தர்க்கம் அல்ல. மெத்தான கிரிப் இங்கே செய்யும் தீங்கு, இரண்டொரு நாள் ஆறுதல் தந்து, இந்தக் காரணங்களைத் தேட விடாமல் மூடிவைப்பதே.

எதிர்க்கட்சிக்கு நான் விட்டுக்கொடுக்கக் கூடியது ஒன்று உண்டு. அமிழாத கெட்டி ஃபோர்க் பொருத்திய வண்டியில், சரளைப் பாதைகளில், நாள் முழுதும் ஓட்டுகிறவர்களுக்குச் சிலிக்கோன் நுரைக் கிரிப் நிஜமாகவே உதவுகிறது. எடை குறைந்தது என்பதும் அதற்கு ஒரு சிறப்பு. மூட்டு வாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கு, இறுக்கமின்றிச் சும்மா கை வைத்திருக்கப் பருத்த கிரிப் ஏற்றதாகலாம். அவர்கள் விஷயத்தில் வைத்தியரின் வார்த்தையே பிரமாணம். இவை விதிவிலக்குகள், விதிவிலக்கை எடுத்து விதியாக்கிவிட்டதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஆகவே கிரிப் வாங்கப் போகிறவர், முதலில் தம் வண்டியின் ஆசனத்தையும் லீவரையும் டயரையும் சரிசெய்து, பழைய கிரிப்போடு சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் குறை இருந்தால், கைக்கு ஏற்ற விட்டத்தைத் தீர்மானித்து, அந்த விட்டத்தில் நெளியாத ரப்பரும் கட்டைவிரல் படும் இடத்தில் நல்ல வரிகளும் உள்ளதை எடுக்க வேண்டும். உட்பக்கம் மட்டும் திருகாணி வைத்து வெளிமுனையை ரப்பராகவே விட்ட லாக்-ஆன் வகை, உள்ளங்கையின் ஓரத்தில் உலோக வளையம் உறுத்தாமல் இருப்பதால் மேலானது. சுண்டுவிரல் குட்டையாக உள்ளவர்கள் வெளிமுனையை நோக்கி மெலியும்படி செய்ததைத் தேடலாம். முனையை அடைக்கும் மூடி இல்லாமல் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. விழும்போது திறந்த குழாய் முனை சரீரத்தைத் துளைத்துவிடும்.

தயாரிப்பாளர்களிடமும் கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் கிரிப்பின் விட்டத்தை அட்டையில் அச்சிடுகிறார்கள். வேறு பலர் சௌகரியம், மிருதுத்தன்மை என்ற வார்த்தைகளை மட்டும் பெரிதாக அச்சிட்டு அளவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உள்முனையின் விட்டம் எத்தனை, வெளிமுனையின் விட்டம் எத்தனை, ரப்பரின் கடினம் எத்தனை ஷோர் என்ற மூன்று எண்களையும் ஒவ்வொரு ஜோடியின் மீதும் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கடையில், பிரேக் லீவரோடு கூடிய இரண்டு மூன்று பார்களில் 28, 30, 32, 34 மில்லிமீட்டர் கிரிப்களை மாட்டி வைத்து, வாங்க வருகிறவரைத் தம் கையுறையோடு பிடித்துப் பார்க்கச் சொல்லட்டும்.